மரக்கப்பல் கட்டுறத நேர்ல பாக்கணும்னா எங்க போறது: பேப்பூரா, மாண்ட்வியா, தூத்துக்குடியா, ஆலுங்கடவா?

"பெரிய மரக்கப்பல் கட்டுற எடத்த ஒரு தடவயாவது பாக்கணும் ப்ரோ, பேப்பூர்ங்குறாங்க, குஜராத்துங்குறாங்க, ஒருத்தர் நம்ம தூத்துக்குடியிலயே தோணி இருக்கே எதுக்கு அலையுறங்குறார், லீவு நாலு நாள்தான், கூட வீட்ல எல்லாரும் வருவாங்க, எங்க போனா காசு வீணாகாது?" இதே கேள்வி வேற வேற ஆளுங்ககிட்ட இருந்து வந்துகிட்டே இருக்கு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் போடறதுக்கு பதிலா ஒரேயடியா எழுதி வச்சிடறேன்.

மொதல்ல ஒண்ண மனசுல வச்சுக்கோங்க. இதுல எதுவுமே டிக்கெட் வாங்கிட்டு உள்ள போற மியூசியம் இல்ல. ஆர்டர் இருந்தா வேலை நடக்கும், இல்லனா மணல்ல நாலு கட்டையும் ஒரு நாயும் படுத்திருக்கும், அவ்ளோதான். அதனால "எது பெஸ்ட்"னு கேக்கறத விட்டுட்டு "நான் எந்தக் கட்டத்த பாக்கணும்"னு உங்களையே கேட்டுக்கோங்க, பாதி முடிவு அங்கயே வந்துடும்.

## எத வச்சு முடிவு பண்றது

மரக்கப்பல்னா மொதல்ல அடியில ஏரா போடுவாங்க, அதுதான் முதுகெலும்பு, அப்புறம் வங்கு (விலா எலும்பு மாதிரி வளைஞ்ச சட்டம்) நிறுத்துறது, பலகை ஏத்துறது, பலகைக்கு நடுவுல இடுக்க அடைக்கிற கலப்பத்து வேலை, கடைசியா தண்ணில இறக்குறது. அதுக்கப்புறம் அது சரக்கு ஏத்திகிட்டு ஓடுற வாழ்க்கை தனி. ஒரு பெரிய கப்பலுக்கு இது முடிய வருஷக்கணக்கு ஆகும், நீங்க போற அன்னிக்கு இதுல ஏதோ ஒரு துண்டுதான் கண்ணுல படும். எலும்பும் தசையுமா பாதி கட்டினத பாக்கணுங்குறவங்களுக்கும், முழுசா ஓடுறத பாக்கணுங்குறவங்களுக்கும் ஒரே ஊர் சரிப்படாது.

ரெண்டாவது, எவ்ளோ கிட்ட போகலாங்குறது. ரோட்ல நின்னு போட்டோ எடுக்கறதும், பலகைய கையால தடவிப் பாக்கறதும் ஒண்ணு இல்ல.

மூணாவது போய் வர்ற காசும் நேரமும், அதுல தெரியாம சேர்ற செலவும். நாலாவது சீசன். அஞ்சாவதுதான் நம்மாளுங்க யோசிக்கவே மாட்டாங்க: போன அன்னிக்கு வேலை எதுவும் நடக்கலனா அந்த ஊர்ல மிச்ச நேரத்துக்கு என்ன இருக்கு? கூட வர்ற பசங்களுக்கும் அம்மா அப்பாவுக்கும் மரத்து மேல உங்க அளவுக்கு பைத்தியம் இருக்காதுங்க.

## பேப்பூர்: மொத தடவ போறவங்களுக்கு

கோழிக்கோட்டுக்கு தெக்க பத்து கிலோமீட்டர் சொச்சம், சாலியார் ஆறு கடல்ல சேர்ற எடம். இங்க கட்டுற கப்பலுக்கு உருன்னு பேரு. ஏன் இந்த ஊர்லன்னா காரணம் ஆத்துலயே இருக்கு, மேல நிலம்பூர் காட்டுத் தேக்கு, அத தெப்பமா கட்டி சாலியார்ல விட்டா நேரா பேப்பூர் பக்கம் வந்து சேரும், பக்கத்துலயே கல்லாயில பெரிய மரக்கடைங்க, வாங்கறதுக்கு அரபு வியாபாரிங்க, கட்டறதுக்கு தலைமுறை தலைமுறையா தச்சனுங்க. நாலும் ஒரே எடத்துல கெடச்சா தொழில் வளராம என்ன செய்யும்.

இங்க ஆச்சரியம் என்னன்னா பேப்பர்ல வரைபடம் கெடையாது. தலைமை மேஸ்திரி மனக்கணக்குலயே அளவு சொல்லுவார், அதுப்படி மரம் அறுப்பாங்க. இன்னிக்கும் வளைகுடா நாட்டு பணக்காரங்க ஆர்டர் குடுத்து கட்டுறாங்க, முன்ன மாதிரி சரக்கு ஏத்த இல்ல, சொந்தமா சவாரி போகவும் விருந்து வைக்கவும். உடம்பு இங்க, எஞ்சினும் உள் அலங்காரமும் பெரும்பாலும் அங்க போய்.

கிட்ட நின்னு பாக்க வேண்டியது கலப்பத்து வேலை. பஞ்சுத்திரிய எண்ணெயில ஊறவச்சு பலகை இடுக்குல வச்சு, மழுங்கின உளிய அது மேல நிறுத்தி சுத்தியலால தட்டிகிட்டே இருப்பாங்க, மொதல்ல சத்தம் மொத்தையா வரும், திரி உள்ள இறுக இறுக சத்தம் கணீர்னு மாறும், அந்த மாத்தத்த காதால கேட்டுட்டுதான் அந்த ஆளு அடுத்த விரக்கடைக்கு நகருவார். கண்ணு பக்கத்துல போறவன் வர்றவன பாத்துகிட்டு இருக்கும், காது மட்டும் வேலையில. தண்ணி உள்ள வருமா வராதாங்குறது அந்தக் காது கையிலதான் இருக்கு. வீடியோவுல இது பிடிபடவே பிடிபடாது, மைக்ல எல்லா தட்டும் ஒரே மாதிரிதான் கேக்கும்.

அடுத்தது கலாசிங்க. அவ்ளோ பெரிய மரக்கப்பல கிரேன் இல்லாம, கயிறு, கப்பி, உருளைக்கட்டை, ஆளுங்க சுத்தி சுத்தி தள்ளுற மர விஞ்ச், இத மட்டும் வச்சு பாட்டு பாடிகிட்டே தண்ணில இறக்குற மாப்பிள்ள (கேரளத்து முஸ்லிம் சமூகம்) கலாசிங்க. 1988 ஜூலை 8ஆம் தேதி கொல்லம் பக்கத்துல பெருமண் பாலத்துல ஐலண்ட் எக்ஸ்பிரஸ் அஷ்டமுடி காயல்ல விழுந்து நூறு பேருக்கு மேல செத்தாங்க இல்லையா, அப்ப தண்ணிக்குள்ள கெடந்த பெட்டிங்கள தூக்கறதுக்கு கூப்பிட்டது இவங்களத்தான். உரு இறக்குறத நேர்ல பாக்கக் கெடச்சா அதிர்ஷ்டம். ஆனா அதுக்குன்னு தேதி போட்டு போஸ்டர் ஒட்ட மாட்டாங்க, கடல் ஏத்தம் நல்லா இருக்கற நாள் பாத்து, வேலை முடிஞ்சத பாத்து, ஓனர் வசதி பாத்து வைப்பாங்க, ஒரே நாள்ல முடியாமயும் போகும். அத நம்பி டிக்கெட் போடாதீங்க.

தெரியாம சேர்ற செலவுன்னா மொதல்ல பெர்மிஷன். எல்லாம் தனியார் யார்டு, கேட்ல நின்னு யாராவது விடுவாங்களான்னு பாக்கறத விட கோழிக்கோட்டுல தெரிஞ்சவங்க மூலமா முன்னாடியே ஒரு வார்த்த சொல்லி வச்சுட்டுப் போறது நல்லது. ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் மழ கொட்டும், வேலை மந்தமாயிடும். வெள்ளிக்கிழம மதியம் தொழுக நேரம், அப்ப போகாதீங்க. அப்புறம் கேரளான்னாலே ஹர்த்தால் (நம்ம ஊர் பந்த்), கெளம்புறதுக்கு முன்னாடி நியூஸ் பாத்துக்கோங்க, ஹர்த்தால் அன்னிக்கு ஆட்டோ கூட கெடைக்காது.

பேப்பூரோட பெரிய பலம் எதுன்னா, யார்டு காலியா இருந்தாலும் ஊர் காலியா இருக்காது. கடலுக்குள்ள நீண்டு போற புலிமுட்டு (கல்லு போட்ட அலைத்தடுப்பு), லைட்ஹவுஸ், சாயங்காலம் கல்லுமக்காய் (கடல் சிப்பி) வறுவல், மலையாள எழுத்தாளர் வைக்கம் முகமது பஷீர் வாழ்ந்த வீடு இருக்கற ஊர். ஜங்கார்ல வண்டியோட ஏறி ஆத்த தாண்டினா சாலியம், அங்க போர்த்துகீசியங்க 1531ல கோட்டை கட்டி 1571ல சாமூதிரி (கோழிக்கோட்டு ராஜா) ஆளுங்க இடிச்சுத் தள்ளினாங்க. கேரளாவோட மொத ரயில் 1861ல ஓடினதும் பேப்பூருக்கும் திரூருக்கும் நடுவுலதான். மரத்துப் பைத்தியம் முத்திப் போனவங்க நிலம்பூர் வரைக்கும் போங்க, தேக்கு மியூசியம் இருக்கு, 1840கள்ல வெள்ளக்காரன் கோனலி போட்ட தேக்குத் தோட்டம் இன்னும் நிக்குது.

சென்னையில ராத்திரி மங்களூர் மெயில் ஏறினா காலைல கோழிக்கோடு, கோவைக்காரங்களுக்கு நாலஞ்சு மணி நேரந்தான். சனி ஞாயிறுலயே முடிச்சுடலாம். குடும்பத்தோட, மொத தடவ, பட்ஜெட்டும் கம்மின்னா யோசிக்காம இதுதான். ஆனா வரிசையா பத்து கப்பல் நிக்கும்னு கற்பனை பண்ணிட்டுப் போனா ஏமாந்து போவீங்க, ஒண்ணு ரெண்டு நின்னாலே நல்ல நாள்.

## மாண்ட்வி: அளவு பாக்கணுங்குறவங்களுக்கு

குஜராத்துல கட்ச், ருக்மாவதி ஆத்தங்கரை, புஜ்ல இருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர். பேப்பூருக்கும் இதுக்கும் இருக்கற வித்யாசம் போன அஞ்சாவது நிமிஷத்துல தெரிஞ்சுடும். பேப்பூர்ல கப்பல் ஒரு காம்பவுண்டுக்குள்ள, தென்ன மரத்துக்குப் பின்னால ஒளிஞ்சிருக்கும். மாண்ட்வியில ஊர் நடுவுல, ரோட்டோரமா, ஆத்து சேத்துலயே மூணு மாடி ஒசரத்துக்கு நிக்கும், டீக்கடையில உக்காந்துகிட்டே வேலைய பாக்கலாம். நானூறு வருஷத்துக்கு மேல இங்க கப்பல் கட்டறாங்க, கார்வா சமூகத்து ஆளுங்கதான் மாலுமிங்களும் கட்டறவங்களும்.

பலகைக்கு மலேசியாவுல இருந்து வர்ற மரம், வளைவான வங்குக்கு உள்ளூர் கருவேல். வளைஞ்சு வளர்ந்த மரத்தையே தேடி எடுத்து அந்த வளைவுக்கு ஏத்த எடத்துல வைக்கறாங்க, நேர் மரத்த வளைக்கறத விட அது பலம். நம்ம ஊர் ஓடாவிங்க (படகு கட்டற தச்சருங்க) செய்யறதும் அதேதான். இங்க கட்டறது ஆடம்பரக் கப்பல் இல்ல, சரக்குக் கப்பல், ஆயிரம் டன் தாண்டி ஏத்தறதும் உண்டு. துபாய், ஏமன், சோமாலியா பக்கம் ஓடும், பெரிய கன்டெய்னர் கப்பல் நுழைய முடியாத சின்ன துறைமுகங்களுக்கு போகும். அதனாலதான் இந்தத் தொழில் இன்னும் உயிரோட இருக்கு. பழம்பெருமைக்காக யாரும் கட்டல, லாபம் இருக்கறதால கட்டறாங்க. எனக்கு மாண்ட்வி பிடிச்சதே இதனாலதான்.

சரி, செலவுக்கு வருவோம். சென்னையில இருந்து அகமதாபாத் ரயில்ல ஏறக்குறைய ஒண்ணரை நாள், அங்க இருந்து புஜ் இன்னொரு 330 கிலோமீட்டர், அப்புறம் டாக்ஸி. போக ரெண்டு நாள் வர ரெண்டு நாள், நாலு நாள் லீவுன்னா ரயில்லயே முடிஞ்சு போச்சு. ஃப்ளைட்னா மும்பை மாறி புஜ், காசு எகிறும். குளிர்காலம்தான் போற மாதிரி இருக்கும், ஆனா நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் ரண் உத்சவ் (உப்புப் பாலைவனத்துல நடக்கற திருவிழா) கூட்டம், புஜ்ல ரூம் வாடகை அப்பதான் ஏறும். ஏப்ரல் மே போனா வெயில்லயே வெந்துடுவோம். மதுவிலக்கு மாநிலம், நான்வெஜ்ஜும் தேடணும், கூட வர்றவங்ககிட்ட மொதல்லயே சொல்லிடுங்க, அங்க போய் சண்ட போடாதீங்க. இந்தி கொஞ்சமாவது தெரியலனா ஆளுங்ககிட்ட பேச முடியாது, பேச முடியலனா கப்பல் வெறும் மரமாத்தான் தெரியும்.

ஈடு கட்ட என்ன இருக்கு: 1920கள்ல கட்டின விஜய் விலாஸ் அரண்மனை, நல்ல பீச், தாபேலி (அது பிறந்ததே மாண்ட்வியிலதான்னு சொல்லுவாங்க, அங்க தின்னா நம்பத் தோணும்). ஒரு வாரமாவது கையில இருந்து, வெள்ளை உப்புப் பாலைவனம், 2021ல உலக பாரம்பரியப் பட்டியல்ல சேந்த ஹரப்பா காலத்து ஊர் தோலாவிரா, திரும்பி வர்றப்ப அகமதாபாத் பக்கத்துல அதே காலத்து லோத்தல்னு எல்லாத்தையும் கோக்கறவங்களுக்கு மாண்ட்வி அருமை. லோத்தல்ல 4000 வருஷத்துக்கு முந்தின செங்கல் கப்பல்துறை இருக்கு, அது வெறும் தண்ணித் தொட்டிதான்னு சொல்ற ஆராய்ச்சியாளருங்களும் இருக்காங்க, நீங்களே நின்னு பாத்து முடிவு பண்ணிக்கோங்க. போட்டோகிராபருங்களுக்கு வேற பேச்சே இல்ல, மாண்ட்விதான். ஆனா கப்பல் ஒண்ணுக்காக மட்டும் சென்னையில இருந்து குடும்பத்தோட போறது, என்னக் கேட்டா, வேண்டாம்.

## தூத்துக்குடி: ஓடுறத பாக்கணும், ஆளுங்ககிட்ட பேசணும்னா

இங்க தோணி, அதாவது சரக்கு ஏத்திகிட்டு கடல் தாண்டுற பெரிய மரக்கப்பல். இதுல நெறைய பேர் குழம்பறாங்க, தூத்துக்குடி போனா கட்டறத பாக்கலாம்னு நெனைக்கறாங்க. பெரிய தோணி புதுசா கட்டறது ரொம்ப கொறஞ்சு போச்சு, கரையில ஏத்தி ரிப்பேர் பாக்கறத வேணா பாக்கலாம். இங்க பாக்க வேண்டியது தோணி உழைக்கறத. பழைய துறைமுகத்துல மாலத்தீவுக்கு கட்டுமான சாமானும் காய்கறியும் மூட்ட மூட்டையா ஏறும், தண்டல்ல (தோணியோட தலைவர்) இருந்து சமையக்காரப் பையன் வரைக்கும் அதுலயே சாப்பிட்டு அதுலயே தூங்கி கடல் தாண்டுறவங்க. இந்தியாவுல கடைசி வரைக்கும் பாய் விரிச்சு சரக்கு ஓட்டின பெரிய மரக்கப்பல் கூட்டத்துல தூத்துக்குடி தோணிங்களுக்கு முக்கிய எடம் உண்டு, எஞ்சின் எல்லாம் பின்னாடி வந்தது.

பிரச்சனை என்னன்னா துறைமுகத்துக்குள்ள பாஸ் இல்லாம விட மாட்டாங்க, கேமராவ தூக்கினா கேள்வி வரும். தோணித் தொழில்ல இருக்கற யாரையாவது தெரிஞ்சா மட்டும் உள்ள போற முயற்சி பண்ணுங்க, இல்லனா கடற்கரை ரோட்ல இருந்து தூரத்துல பாத்துட்டு வர வேண்டியதுதான். தெரிஞ்ச ஆள தேடற அலைச்சல்தான் இந்த ஊரோட மறைஞ்ச செலவு, காசுக் கணக்குல வராது, ஆனா ஒரு நாள் போயிடும்.

அப்ப எதுக்கு இந்த ஊர லிஸ்ட்ல வச்சேன்? பாஷை. பேப்பூர்லயும் மாண்ட்வியிலயும் நீங்க பாக்கத்தான் முடியும், இங்க கேக்க முடியும். தெரஸ்புரம் பக்கம் போனா வல்லம் (மீன்பிடிப் படகு) கட்டறதும் ரிப்பேர் பாக்கறதும் வெட்ட வெளியிலயே நடக்கும், இப்ப ஃபைபரும் ப்ளைவுட்டும் ஏகத்துக்கு வந்துடுச்சு, இருந்தாலும் மர வேலை தெரிஞ்ச ஓடாவிங்க இருக்காங்க. உக்காந்து பேச்சு குடுங்க. அணியத்துல (முன்பக்கம்) ஏன் இந்த மரம், அமரத்துல (பின்பக்கம்) ஏன் அது, எது உப்புத்தண்ணில எத்தன வருஷம் நிக்கும், புழு எத மொதல்ல அரிக்கும், ஃபைபர் வந்தப்பறம் மரத்துல கட்டச் சொல்லி யார் வர்றா, எல்லாத்துக்கும் பதில் வரும், சில பதில்ல கோவமும் வரும். மத்த எந்த ஊர்லயும் கைடு வச்சாலும் இது கெடைக்காது. சும்மா கையில போகாதீங்க, டீயும் வடையும் வாங்கிட்டு போங்க, வேலை நேரத்துல அவங்கள நிறுத்தி வச்சு பேசாதீங்க, மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் வலை நிழல்ல உக்காந்திருப்பாங்க, அந்த நேரம் சரியா இருக்கும்.

ஜூலை 26ல இருந்து ஆகஸ்ட் 5 வரைக்கும் பனிமய மாதா கோயில் திருவிழா, ஊரே நெரிசல், ரூம் கெடைக்காது, திருவிழாவும் பாக்கணும்னா மட்டும் அப்ப போங்க. வ.உ.சி. 1906ல சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி ஆரம்பிச்ச ஊர் இது (அவர் ஓட்டினது மரத்தோணி இல்ல, வெளிநாட்டுல வாங்கின நீராவிக் கப்பல், அதையும் இதையும் போட்டு குழப்பாதீங்க). திரும்பும்போது மக்ரூன் வாங்காம வந்தா வீட்ல கேள்வி கேப்பாங்க. முத்துநகர் எக்ஸ்பிரஸ்ல ராத்திரி ஏறினா காலைல ஊர், நெல்லை மதுரைக்காரங்களுக்கு ஒரே நாள்ல போய்ட்டு வர்ற சமாச்சாரம். மாணவருங்க, கடல் வரலாறு பத்தி எழுதறவங்க, பேச்சு குடுக்க கூச்சப்படாதவங்க இவங்களுக்கு இதுதான் சரி. சின்னப் பசங்கள கூட்டிட்டுப் போனா அரை மணி நேரத்துல "வீட்டுக்கு போலாம்"ப்பாங்க.

## ஆலுங்கடவு: ஆணி இல்லாம தைக்கறத பாக்கணும்னா

கொல்லம் மாவட்டம், கருநாகப்பள்ளி பக்கம், காயல் கரையில சின்ன ஊர். ஆலப்புழா ஹவுஸ்போட்னு நாம ஏறி சுத்தறது இல்லையா, அந்தக் கெட்டுவள்ளத்த கட்டற எடம். ஆணியே அடிக்காம அயனிப் பலகைகள (மலையாளத்துல ஆஞ்சிலி) ஓட்ட போட்டு, நடுவுல தேங்கா நார் வச்சு, கயித்தாலயே தச்சு எடுக்கறது. மேல முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய் பூசி கருப்பாக்குவாங்க. முன்ன குட்டநாட்டு நெல்ல கொச்சிக்கு கொண்டு போன வள்ளம், ரோடு வந்ததும் லாரி வந்ததும் படுத்துச்சு, 1990கள்ல கூரை போட்டு படுக்கை போட்டு டூரிஸ்ட்டுக்கு விட்டதுல பொழச்சுகிச்சு.

தைக்கறதுன்னா என்னமோ அந்தக் காலத்து சமாச்சாரம்னு நெனைக்க வேண்டாம். 1980ல ஓமான்ல, கேரளக் கரையோர மரத்துலயும் கயித்துலயும் ஆணி இல்லாம தச்ச சோஹார்னு ஒரு கப்பல் மஸ்கட்ல இருந்து கெளம்பி 1981ல சீனாவுக்கே போய் சேந்துச்சு, இப்ப மஸ்கட்ல ரவுண்டானாவுல நிக்குது. நம்ம கடற்படையே அஜந்தா ஓவியத்துல இருக்கற கப்பல பாத்து, கேரளத்து தச்சருங்கள வச்சு கோவாவுல ஒண்ணு தச்சு, 2025ல கௌண்டின்யான்னு பேர் வச்சு சேத்துகிச்சு. ஆலுங்கடவுல பாக்கறதும் இதே மாதிரி கயித்துத் தையல்தான். ரெண்டு பேர் எதிரும் புதிருமா நின்னு, ஒருத்தர் உள்ள ஒருத்தர் வெளிய, ஒரே கயித்த மாத்தி மாத்தி இழுத்து இறுக்குவாங்க.

மறைஞ்ச செலவு எல்லாம் ஹவுஸ்போட்டுலதான். கட்டறத பாக்க போனவங்க எப்படியும் ஒரு ராத்திரி ஏறிப் பாக்கலாம்னு ஆசப்படுவாங்க, சனி ஞாயிறு ரேட்டு வேற வார நாள் ரேட்டு வேற, ஏசி ராத்திரி சில மணி நேரம் மட்டும்னு பின்னாடி தெரியும், நடுவுல ஏஜென்ட் கமிஷன். புக் பண்றதுக்கு முன்னாடி ஏசி எத்தன மணியில இருந்து எத்தன மணி வரைக்கும், போட் சாயங்காலம் எங்க கட்டுவாங்க, சாப்பாடு என்னன்னு எழுத்துல வாங்கிக்கோங்க. ஆகஸ்ட் செப்டம்பர் பக்கம் போனா சுண்டன் வள்ளப் (பாம்புப் படகு) போட்டியோட சேத்து பிளான் பண்ணலாம், ஆலப்புழா நேரு கோப்பை 1952ல நேரு வந்தப்ப நடந்த போட்டியில இருந்து வந்தது. தேதி வருஷா வருஷம் மாறுது, பாத்துட்டு போங்க.

வயசானவங்க, சின்னப் பசங்க, ஹனிமூன் ஜோடி இவங்களுக்கு இதுல ஆட்சேபணையே இருக்காது. கப்பல் அளவுல எதையும் எதிர்பாக்காதீங்க, இது காயல்ல ஓடற வள்ளம்.

## ஒரே பார்வையில

| | பேப்பூர் | மாண்ட்வி | தூத்துக்குடி | ஆலுங்கடவு |
|---|---|---|---|---|
| கட்டறது கண்ணுல படுமா | ஆர்டர் இருந்தா | அதிக வாய்ப்பு | பெருசு அபூர்வம், ரிப்பேர் உண்டு | பெரும்பாலும் |
| கிட்ட போகலாமா | கேட்டுட்டு | ரொம்ப கிட்ட | வல்லம் சரி, தோணிக்கு பாஸ் | போகலாம் |
| சென்னையில இருந்து | ஒரு ராத்திரி ரயில் | ஏறக்குறைய ரெண்டு நாள் | ஒரு ராத்திரி ரயில் | ஒரு ராத்திரி ரயில், கொஞ்சம் ரோடு |
| போற மாசம் | அக்டோபர்–மே | நவம்பர்–பிப்ரவரி | திருவிழா கூட்டம் தவிர்த்து | செப்டம்பர்–மார்ச் |
| பாஷை | மலையாளம், சமாளிக்கலாம் | இந்தி வேணும் | நம்ம தமிழ் | மலையாளம் |
| தெரியாம சேர்ற செலவு | ஹர்த்தால், மழ | டாக்ஸி, சீசன் ரூம் | ஆள் தேடற நேரம் | ஹவுஸ்போட் |
| குடும்பத்தோட | நல்லா இருக்கும் | ஒரு வாரம் இருந்தா | வேண்டாம் | ரொம்ப நல்லா |

டேபிள்ல வராத ஒண்ணு. எங்க போனாலும் செருப்பு இல்லாம நடக்காதீங்க, மரத்தூளுக்குள்ள ஆணி கெடக்கும் (ஆலுங்கடவுல கூட, கூரை வேலைக்கு ஆணி அடிப்பாங்க). நிறுத்தி வச்ச கப்பல் மேல ஏறணும்னா மேஸ்திரிகிட்ட கேளுங்க, சாரம் நமக்காக கட்டினது இல்ல, தூக்கற எடைக்கு கணக்கு போட்டு கட்டினது. கடைசியா ஆளுங்க முகத்துல கேமராவ நீட்டறதுக்கு முன்னாடி கேளுங்க, நாள் முழுக்க யார் யாரோ வந்து எடுத்துகிட்டே இருந்தா யாருக்கும் கடுப்பு வரத்தான் செய்யும்.

## வெளிநாட்டுல இருக்கறவங்க கேட்டா

யாழ்ப்பாணம் போறவங்க வல்வெட்டித்துறை பத்தி கேப்பாங்க. அன்னபூரணின்னு அங்க கட்டின பாய்க்கப்பல ராபின்சன்னு ஒரு அமெரிக்கர் வாங்கி, 1938ல அட்லாண்டிக்க தாண்டி மாசசூசெட்ஸ் க்ளாஸ்டர் வரைக்கும் போய் சேந்துச்சு, நம்ம மாலுமிங்கதான் ஓட்டிட்டு போனாங்க. ஆனா அந்தக் காலத்து மாதிரி பெரிய பாய்க்கப்பல் கட்டற துறை இப்ப அங்க இல்ல, கரையும் கதையுந்தான். சொந்த ஊர்னா போங்க, கட்டறத பாக்கணும்னு மட்டும் போகாதீங்க.

இங்கிலாந்துல இருக்கறவங்களுக்கு நான் சொல்றது வேற, ஹார்ட்டில்பூல் போங்க. ஹெச்எம்எஸ் ட்ரிங்கோமலீ, பேரப் பாருங்க, திருகோணமலை. பம்பாய்ல வாடியா குடும்பம் தேக்குல கட்டி 1817ல இறக்கின போர்க்கப்பல், இன்னிக்கும் தண்ணில மிதக்குது, உள்ள ஏறி அடித்தளம் வரைக்கும் நடக்கலாம். இதோட வரைபடத்த லண்டன்ல இருந்து ஜாவாங்கற கப்பல்ல குடுத்து அனுப்பினாங்க, அது 1812ல அமெரிக்கக் கப்பல்கிட்ட மாட்டி அழிஞ்சு போச்சு, மறுபடி ஒரு செட் அனுப்பி அது வந்து சேந்தப்பறம்தான் வேலையே ஆரம்பிச்சாங்க. பேப்பூர் மேஸ்திரிகிட்ட இத சொன்னா சிரிப்பாரு. அந்த ஜாவாவ அடிச்ச கான்ஸ்டிட்யூஷன் கப்பலும் பாஸ்டன்ல இன்னும் மிதக்குது, அமெரிக்காவுல இருக்கறவங்க அதப் போய் பாருங்க. ட்ரிங்கோமலீய கட்டின பம்பாய் துறை இப்ப கடற்படைக்குள்ள, பொதுமக்கள விட மாட்டாங்க, அதனால மும்பை போய் அத தேடிகிட்டு கேட் முன்னாடி நிக்காதீங்க.